திரையில் ஓடியதைத் திரட்டி வைப்போம்



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் பழைய மென்பொருள். அதை இன்றைய கணினியில் ஓடவிட்டு, திரையில் அது காட்டுவதை உள்ளது உள்ளபடி பதிவு செய்து வைப்பது பற்றித்தான் பேசப்போகிறேன். புதிதாக வருவதைக் கற்கவே நேரம் போதவில்லை, வழக்கொழிந்ததற்கு எதற்கு ஒரு மாலைப்பொழுது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மென்பொருள் என்பது எது? வட்டில் கிடக்கும் கோப்பா? அந்தக் கோப்பைப் பத்திரமாக வைத்துவிட்டால் மென்பொருளைக் காப்பாற்றிவிட்டதாக ஆகுமா? சுரக்குறிப்பு எழுதிய நோட்டுப் புத்தகம் வீட்டில் இருக்கிறது என்பதால் கச்சேரியைக் கேட்டவர் ஆகிவிடுவோமா?

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1979இல் விசிகால்க் என்றொரு மென்பொருள் வந்தது. டான் பிரிக்ளின், பாப் ஃபிராங்ஸ்டன் என்ற இருவர் உருவாக்கியது. இன்று உலகெங்கும் அலுவலகங்களில் ஓடும் எக்செலுக்கு அதுதான் பாட்டன். அதன் ஐபிஎம் பிசி பதிப்பு மொத்தமே 27,520 பைட். உங்கள் கைபேசி எடுக்கும் ஒரே ஒரு படம் அதைப்போல நூறு மடங்கு இருக்கும். அந்தக் கோப்பு அழியவில்லை. பிரிக்ளினே உரிமையாளர்களிடம் அனுமதி பெற்று, வேண்டுவோர் எடுத்துக்கொள்ளட்டும் என்று தன் இணையதளத்தில் வைத்திருக்கிறார். நல்ல காரியம். ஆனால் அந்தக் கோப்பை மட்டும் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் கொடுத்தால் அவனுக்கு என்ன தெரியும்? ஒரு கட்டத்தில் ஓர் எண்ணை மாற்றியதும் கீழே உள்ள கூட்டுத்தொகை தானாக மாறியதே, அதைக் கண்டு கணக்கர்கள் வாயடைத்துப் போனார்களே, அந்தக் காட்சி கோப்பில் இருக்கிறதா? இல்லை. அது திரையில் இருந்தது. விரல் விசையைத் தட்டும் நேரத்துக்கும் திரை மாறும் நேரத்துக்கும் இடையில் இருந்தது. அதைப் பதிவுதான் காட்டும்.

இன்னும் பின்னால் போவோம். 1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள். சான்பிரான்சிஸ்கோவில் ஒரு கணினி மாநாடு. டக்ளஸ் எங்கல்பர்ட் என்ற பொறியாளர் மேடையில் அமர்கிறார். எதிரே ஏறத்தாழ ஆயிரம் பேர். அவருடைய கணினி மேடையில் இல்லை. சுமார் 30 மைல் தள்ளி மென்லோ பார்க்கில் இருக்கிறது. அதன் திரை மைக்ரோவேவ் இணைப்பு வழியாக அரங்கின் பெரிய திரைக்கு வருகிறது. அவர் கையில் மரப்பெட்டி போன்ற ஒரு சிறு கருவி. மௌஸ்! அதை நகர்த்துகிறார், திரையில் ஒரு புள்ளி நகர்கிறது. சொற்களை வெட்டுகிறார், ஒட்டுகிறார். ஒரு சொல்லைச் சொடுக்கி வேறொரு பக்கத்துக்குத் தாவுகிறார். தொலைவில் இருக்கும் சகாவின் முகத்தைத் திரையின் மூலையில் காட்டிக்கொண்டே இருவரும் ஒரே ஆவணத்தில் வேலை செய்கிறார்கள். 1968இல்!

ஒன்றரை மணி நேரம் நடந்த அந்த விளக்கத்தை நாம் எப்படி அறிகிறோம்? படம் பிடித்து வைத்தார்கள். அதனால் அறிகிறோம். அவருடைய ஆய்வகத்தில் திரை எப்படி அமைந்திருந்தது தெரியுமா? ஐந்து அங்குலச் சிறு படக்குழாயில் கணினி எழுதும். அதற்கு நேர் எதிரே ஒரு தொலைக்காட்சி கேமரா நிற்கும். அந்தக் கேமரா பார்ப்பதைத்தான் மேசையில் இருப்பவர் தன் திரையில் பார்ப்பார். திரையைக் கேமராவில் பிடிப்பது அந்தக் கணினியின் அமைப்பிலேயே இருந்தது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அன்று அந்தப் படத்தை எடுக்காமல் விட்டிருந்தால், எங்கல்பர்ட் செய்ததைச் சில ஆய்வுக் கட்டுரைகளில் படித்திருப்போம், நம்பியிருக்க மாட்டோம்.

சரி, நம் காலத்துக்கு வருவோம். டாஸ் காலத்து நிரல் ஒன்று உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய மடிக்கணினியில் அதை இருமுறை சொடுக்கினால் என்ன ஆகும்? இந்த நிரல் உங்கள் கணினியில் இயங்காது என்று ஒரு பெட்டி எழும்பும். 64-பிட் விண்டோஸில் அந்தக் காலத்து 16-பிட் நிரல்களுக்கு இடமே இல்லை. 2021இல் வந்த விண்டோஸ் 11 கணினிகளுக்கு 64-பிட்டில் மட்டுமே வந்தது. ஆகவே அந்தக் கதவு அடைபட்டுவிட்டது.

ஆனால் தன்னார்வலர்கள் இன்னொரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். டாஸ்பாக்ஸ். 2002 முதல் கிடைக்கும் இலவச மென்பொருள். உங்கள் கணினிக்குள் ஒரு பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் அது. அதற்குள்ளேயே பதிவு செய்யும் வசதியும் இருக்கிறது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்5 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பதிவு தொடங்கும். மீண்டும் அழுத்தினால் நிற்கும். இதற்கென்று தனி மென்பொருள் வேண்டாம், காசு வேண்டாம்.

அவ்வளவுதானா? அழுத்தினோம், பதிந்தது, முடிந்தது என்று போய்விடலாமா? போகக் கூடாது நண்பர்களே. பதிவு என்பது சாட்சி. தவறாகச் சொல்லும் சாட்சி, சாட்சியே இல்லாததைவிட மோசம். இன்று இணையத்தில் கிடக்கும் பழைய மென்பொருள் பதிவுகள் பலவும் தவறான சாட்சி சொல்கின்றன. எப்படி என்று காட்டுகிறேன்.

பிரின்ஸ் ஆஃப் பெர்சியா விளையாட்டை இங்கே எத்தனை பேர் ஆடியிருக்கிறீர்கள்? கைகளைப் பார்க்கிறேன். பாதிக்கு மேல் உயர்ந்துவிட்டன. பாதாளச் சிறையிலிருந்து அறுபது நிமிடத்துக்குள் தப்பி இளவரசியை அடைய வேண்டும். ஜோர்டன் மெக்னர் என்ற இளைஞர் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதி 1989இல் வெளியிட்டார். டாஸ் பதிப்பு அடுத்த ஆண்டு வந்தது. அந்த இளவரசன் ஓடும் அழகு, விளிம்பைப் பிடித்துத் தொங்கும் அழகு, அது எங்கிருந்து வந்தது? மெக்னர் தன் தம்பி டேவிட்டை வெள்ளை உடையில் ஓடவும் குதிக்கவும் சொல்லி வீடியோ எடுத்தார். அந்த வீடியோவைச் சட்டகம் சட்டகமாக நிறுத்தி, உருவத்தைக் கோட்டில் எடுத்து, கணினிக்குள் கொண்டுவந்தார். ஒரு பதிவிலிருந்து பிறந்த விளையாட்டு அது! அதை நாம் பதிவு செய்யும்போது எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

டாஸ்பாக்ஸில் அதை ஓடவிடுகிறேன். பதிவு செய்கிறேன். கேப்சர் என்ற அடைவில் பிரின்ஸ் என்ற பெயரோடு ஒரு கோப்பு வந்து உட்காருகிறது. திறந்து பார்த்தால் இளவரசன் குள்ளமாகத் தெரிகிறான்! தோள் அகன்று, கால் குட்டையாகி, அமுக்கிவிட்டதுபோல் இருக்கிறான். மெக்னர் தம்பியின் உடல்வாகு அது இல்லை. என்ன நடந்தது?

அந்த விளையாட்டு வரைவது குறுக்கே 320 புள்ளி, நெடுக்கே 200 புள்ளி. அன்றைய கண்ணாடித் திரை நாலுக்கு மூன்று என்ற அளவில் இருந்தது. 320க்கு 200 என்பதை நாலுக்கு மூன்றில் நிரப்ப வேண்டுமென்றால் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட உயரமாக நின்றாக வேண்டும். அப்படித்தான் நின்றன. ஓவியர்களும் அதை அறிந்துதான் வரைந்தார்கள். இன்றைய திரையிலோ புள்ளி சதுரம். சதுரப் புள்ளியில் வைத்தால் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். இளவரசன் குள்ளமாவான், சந்திரன் நீள்வட்டமாவான், சதுரங்கப் பலகை செவ்வகமாகும்.

தீர்வு எளிது. குறுக்கே ஐந்து மடங்கு, நெடுக்கே ஆறு மடங்கு பெரிதாக்குங்கள். 1600க்கு 1200 கிடைக்கும். நாலுக்கு மூன்று கச்சிதமாக அமையும். ஒவ்வொரு புள்ளியும் முழு எண்ணில் பெரிதாவதால் கோடுகள் மங்காமல், தடித்தும் மெலிந்தும் போகாமல், கூர்மையாக நிற்கும். எடிட் செய்யும் மென்பொருளில் இதைச் செய்யும்போது, விளிம்புகளை மழுங்கடிக்காத முறையைத் தேர்ந்தெடுங்கள். டாஸ்பாக்ஸ் பதிந்த மூலக் கோப்பை மட்டும் தொடாதீர்கள். அது 320க்கு 200 ஆகவே இருக்கட்டும். மூலம் ஒன்று, பார்ப்பதற்கான பிரதி ஒன்று. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், முதல்முறை செய்பவர்கள் திகைத்துப்போகும் இடம் இது. டாஸ் எழுத்துத் திரையில் இருக்கும்போதே பதிவைத் தொடங்கி விளையாட்டுக்குள் போனால் கோப்பு இரண்டாக உடையும். திரையின் புள்ளி எண்ணிக்கை மாறும் ஒவ்வொரு முறையும் டாஸ்பாக்ஸ் பழைய கோப்பை மூடிவிட்டுப் புதிய கோப்பைத் தொடங்கும். பதறாதீர்கள். எல்லாம் அதே அடைவில் வரிசை எண்ணோடு இருக்கும்.

வடிவத்தைச் சரிசெய்தாகிவிட்டது. வேகம்?

பழைய நிரல்களில் பல, கணினியின் வேகத்தையே கடிகாரமாக நம்பின. 1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். இத்தனை முறை சும்மா சுற்றினால் இவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப்போட்டு எழுதிவிட்டார்கள். கணினி வேகமானதும் எல்லாம் தலைதெறிக்க ஓடியது. டர்போ பாஸ்கலில் எழுதிய நிரல்கள் பலவற்றுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். அந்த நிரல் தொடங்கும்போதே கணினியின் வேகத்தை அளந்து பார்க்கும். கடிகாரத்தின் ஒரு துடிப்பு, அதாவது சுமார் 55 மில்லிநொடி நேரத்தில் எத்தனை சுற்று ஓடுகிறது என்று எண்ணும். அதை 55ஆல் வகுத்து வைத்துக்கொள்ளும். 1990களின் பிற்பகுதியில் கணினிகள் அத்தனை வேகமாகிவிட்டதால், வகுத்து வந்த விடை அதற்கென ஒதுக்கிய இடத்துக்குள் அடங்கவில்லை. ரன்டைம் எரர் 200 என்று ஒரு வரி காட்டிவிட்டு நிரல் செத்துவிழும். எத்தனை கடைகளின் பில் போடும் நிரல்கள், எத்தனை பள்ளிகளின் மதிப்பெண் நிரல்கள் புதிய கணினி வாங்கிய அன்றே அந்த ஒரு வரியில் நின்றன! நிரலில் பிழை ஏதும் புதிதாக முளைக்கவில்லை. அதைச் சுற்றியிருந்த உலகம் வேகமெடுத்துவிட்டது, அவ்வளவுதான்.

டாஸ்பாக்ஸில் இந்த வேகத்தை நாம் கூட்டலாம், குறைக்கலாம். கண்ட்ரோல் எஃப்12 கூட்டும். கண்ட்ரோல் எஃப்11 குறைக்கும். இந்த இரண்டு விசையும் பதிவு செய்பவரின் நேர்மையைச் சோதிக்கும் விசைகள். ஏன்? வேகத்தைக் கூட்டினால் பழைய நிரல் வழுக்கிக்கொண்டு ஓடும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் 1990இல் அதைப் பயன்படுத்தியவர் அப்படிப் பார்க்கவில்லையே! ஒரு பக்கம் வரைய இரண்டு நொடி காத்திருந்தார். அறிக்கை அச்சாகும்வரை தேநீர் குடித்துவிட்டு வந்தார். அந்தக் காத்திருப்பும் வரலாறுதானே? எந்த ஆண்டு, எந்த வகைக் கணினியில் ஓடியதாகப் பதிகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்த வேகத்துக்கு நிறுத்துங்கள். நிறுத்திய எண்ணைக் குறித்து வையுங்கள்.

வேகத்தோடு சேர்ந்த இன்னொரு செய்தி. அந்தக் காலத்து விஜிஏ திரை, 320க்கு 200 அளவில் ஓடும்போது நொடிக்கு சுமார் 70 முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். டூம் விளையாட்டு நொடிக்கு 35 முறை நகரும்படி எழுதப்பட்டது, 70இல் சரிபாதி. நம் பதிவு மென்பொருளோ பெரும்பாலும் 30 அல்லது 60 என்று நிற்கிறது. 70ஐ 60ஆக்கினால் ஏழு சட்டகத்தில் ஒன்று காணாமல் போகும். பக்கவாட்டில் சீராக நகரும் காட்சியைப் பாருங்கள், நடுநடுவே ஒரு வெட்டு வெட்டி நகரும். பார்ப்பவர் என்ன நினைப்பார்? அந்தக் காலத்து மென்பொருள் அப்படித்தான் தடுக்கித் தடுக்கி ஓடியது என்று நினைப்பார். பாவம், பழி அதன்மேல் விழும். டாஸ்பாக்ஸின் உட்பதிவு 70ஐ 70ஆகவே எழுதும். வெளியிலிருந்து திரையைப் பதியும் ஓபிஎஸ் போன்றவற்றைவிட இதற்காகவே நான் அதை முதலில் வைக்கிறேன். யூடியூப் 60 வரைதான் காட்டும் என்பதால் அங்கே ஏற்ற ஒரு 60 பிரதி செய்துகொள்ளுங்கள். மூலம் 70 ஆகவே இருக்கட்டும்.

ஒலியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே விளையாட்டு, பெட்டிக்குள் இருக்கும் சிறு ஸ்பீக்கரில் ஒருவிதமாகக் கீச்சிடும், ஆட்லிப் அட்டையில் வேறுவிதமாகப் பாடும், ரோலண்ட் எம்டி-32 கருவியில் வாத்திய கோஷ்டியே வந்ததுபோல் முழங்கும். மூன்றும் உண்மைதான். எதைக் கேட்கிறோம் என்று எழுதி வையுங்கள். அது போதும்.

வண்ணத்துக்கு வருகிறேன். டர்போ சி படித்தவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருப்பீர்கள். உலகம் அதைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆன பிறகும் நம் பொறியியல் கல்லூரிகளின் ஆய்வகங்களில் அந்த நீலத் திரை ஒளிர்ந்தது. நீலப் பின்னணி, மஞ்சள் எழுத்து, மேலே சாம்பல் பட்டை, அதில் ஒவ்வொரு பட்டியலின் முதல் எழுத்தும் சிவப்பு. கிராஃபிக்ஸ் டாட் ஹெச் சேர்த்து, இனிட்கிராஃப் எழுதி, ஒரு வட்டம் வரைந்து பார்த்த மகிழ்ச்சியை மறந்திருப்போமா? அந்தத் திரையைச் சாதாரண வீடியோவாகப் பதிந்து பாருங்கள். சாம்பல் பட்டையில் இருந்த சிவப்பு எழுத்து கசங்கிக் கரைந்திருக்கும். காரணம் உண்டு. வழக்கமான வீடியோக்கள் வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாகச் சேமிக்கும். வண்ணத்தையோ நான்கு புள்ளிக்கு ஒன்றாகத்தான் சேமிக்கும். மனித முகத்துக்கும் மலைக்காட்சிக்கும் அது போதும். ஒரே ஒரு புள்ளி அகலத்தில் நிற்கும் சிவப்புக் கோட்டுக்குப் போதுமா? போதாது. சுருக்குவதற்கு முன்னால் படத்தை இரண்டு மடங்கோ அதற்கு மேலோ முழு எண்ணில் பெரிதாக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. மூலத்தை எதையும் இழக்காத முறையில் வையுங்கள். டாஸ்பாக்ஸ் தானாகவே அப்படித்தான் பதிகிறது. ஆவணக் காப்பகங்கள் எஃப்எஃப்வி1 என்ற இழப்பற்ற முறையை நம்புகின்றன. யாருக்கும் சொந்தமில்லாத திறந்த முறை என்பதால் நாமும் நம்பலாம்.

கைபேசியைத் திரைக்கு முன்னால் நீட்டிப் படம் எடுத்தால் ஆகாதா என்று ஒருவர் கேட்டார். வேறு வழியே இல்லாதபோது அதையும் செய்யுங்கள். ஒன்றுமில்லாமல் போவதற்கு அது மேல். ஆனால் கண்ணாடித் திரையில் கறுப்புப் பட்டைகள் உருளும், அலை அலையாய்க் கோடுகள் விழும், ஜன்னல் வெளிச்சம் பிரதிபலிக்கும். எழுத்தைப் படிக்க முடியாது.

அன்பர்களே, இதுவரை திரையைப் பற்றிச் சொன்னேன். கையைப் பற்றிச் சொல்ல வேண்டாமா?

டூம் விளையாட்டு 1993இல் வந்தபோதே தன் ஆட்டத்தைத் தானே பதிவு செய்யும் ஏற்பாடு அதில் இருந்தது. அது படத்தைப் பதியவில்லை. ஆடுபவர் எந்தக் கணத்தில் எந்த விசையை அழுத்தினார் என்பதை மட்டும் பதிந்தது. திரும்ப ஓடவிடும்போது அதே விசைகளை அதே கணத்தில் விளையாட்டுக்கு ஊட்டும். அதே ஆட்டம் அப்படியே நிகழும். தற்செயல் நிகழ்வுகள் மாறிவிடாதா? மாறாது. அதன் தற்செயல் எண்கள் எல்லாம் 256 எண்கள் கொண்ட ஒரே பட்டியலிலிருந்து வரிசையாக வருபவை. எவ்வளவு சிறிய கோப்பில் எவ்வளவு பெரிய ஆட்டம்! ஆனால் விளையாட்டின் பதிப்பு மாறினால் தடம் புரண்டுவிடும். வீரன் சுவரில் முட்டிக்கொண்டு வெட்டவெளியைச் சுடுவான். ஆகவே கையின் பதிவும் வேண்டும், கண்ணின் பதிவும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

விளையாட்டில் இது தானாக நடந்தது. அலுவலக மென்பொருளில்? வேர்ட்ஸ்டாரில் தட்டச்சு செய்து பழகிய ஒருவரை உட்கார வைத்துப் பாருங்கள். அவர் மௌஸைத் தேட மாட்டார், அம்புக்குறி விசையையும் தேட மாட்டார். இடது சுண்டுவிரல் கண்ட்ரோலில் இருக்கும். இ, எஸ், டி, எக்ஸ் நான்கும் மேலே, இடது, வலது, கீழே. கண்ட்ரோல் கே பி என்றால் பத்தியின் தொடக்கம் குறித்தாயிற்று, கண்ட்ரோல் கே கே என்றால் முடிவு, கண்ட்ரோல் கே வி என்றால் பத்தி இடம் மாறிவிட்டது. திரையை மட்டும் பதிந்தால் என்ன தெரியும்? பத்தி ஒன்று மாயமாய் இடம்பெயர்வதுதான் தெரியும். அந்த விரல்களின் நடை தெரியாது. கீ-போர்டுக்கு மேலே ஒரு கைபேசியை நிறுத்தி விரல்களையும் பதியுங்கள். அவரைப் பேசச் சொல்லுங்கள். "இப்போ கே பி போட்டேன், இங்கே ஒரு குறி வந்தது பாருங்க" என்று அவர் வாயால் சொல்லட்டும். எந்தக் கையேட்டிலும் இல்லாத செய்திகள் வரும். இவர்களில் பலருக்கு இன்று அறுபது, எழுபது வயது. டாஸ்பாக்ஸ் இன்னும் இருபது ஆண்டு கழித்தும் இருக்கும் என்று நம்புகிறேன். இவர்களை அப்படிக் காத்திருக்கச் சொல்ல முடியுமா?

இப்போது என் நெஞ்சுக்கு நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். தமிழ்.

இன்று கைபேசியில் தமிழில் எழுதுகிறோம், உலகின் எந்த மூலையிலும் அது தமிழாகவே தெரிகிறது. யூனிகோடு தந்த வரம். யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இலேயே, தமிழ் இடம்பெற்றது. ஆனால் விண்டோஸ் 2000 வரும்வரை சாதாரண மேசைக் கணினிக்கு அது எட்டவில்லை. அதற்கு முன் என்ன செய்தோம்? ஆங்கில எழுத்துகள் உட்காரும் இடத்தில் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்தோம். யார் எந்த இடத்தில் உட்காருவது என்பதை ஒவ்வொரு எழுத்துருவும் தன் போக்கில் முடிவு செய்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகுதான் டாம், டாப் என்று தமிழக அரசின் தரங்கள் வந்தன. அதற்குள் எத்தனை புத்தகங்கள், எத்தனை இதழ்கள், எத்தனை திருமண அழைப்பிதழ்கள், எத்தனை கோயில் மலர்கள் அந்தந்த எழுத்துருவில் அடித்து முடிக்கப்பட்டுவிட்டன! இன்று அந்தக் கோப்பைத் திறந்தால் என்ன தெரிகிறது? பொருளற்ற ஆங்கிலக் குறிகளின் குப்பை.

இங்கேதான் பதிவு வெறும் நினைவுச்சின்னம் என்பதைத் தாண்டி வேலைக்கு உதவும் கருவியாகிறது. பழைய எழுத்துருவும், பக்கம் அமைக்கும் பழைய பேஜ்மேக்கரும் இன்னும் ஓடும் கணினி ஒன்று எங்காவது அச்சகத்தில் இருந்தால், அதில் உயிரெழுத்து, மெய்யெழுத்து, உயிர்மெய் என்று 247 எழுத்தையும், கிரந்த எழுத்துகளையும், வரிசையாக ஒருவர் அடிக்கட்டும். எந்த விசைக்கு எந்த எழுத்து வருகிறது, ஒற்றைக்கொம்பு முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா, எல்லாம் திரையோடு சேர்ந்து பதிவாகட்டும். ஒரு மணி நேர வேலை. அந்தப் பதிவு ஒன்று இருந்தால், அந்த எழுத்துருவில் அடித்த கோப்புகள் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றும் அட்டவணையை எந்த இளைஞரும் தயாரித்துவிடலாம். பூட்டிக்கிடக்கும் புத்தகங்கள் திறந்துகொள்ளும்.

எமுலேட்டரால் முடியாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கான்பூர் ஐஐடியில் தொடங்கிய ஆய்வை அடிப்படையாகக் கொண்டு, 1980களின் இறுதியில் புனேயின் சி-டாக் நிறுவனம் ஜிஸ்ட் என்றொரு அட்டையைக் கொண்டுவந்தது. கணினிக்குள் அதைச் செருகினால் டாஸ் எழுத்துத் திரையிலேயே இந்திய மொழிகள் தெரியும். வேர்ட்ஸ்டாரிலும் டிபேஸிலும் நம் எழுத்து! ஆங்கிலத்துக்காக எழுதிய நிரல், தனக்குத் தெரியாமலேயே இந்திய மொழி பேசியது. எழுத்தை உருவாக்கும் வேலை அட்டையில் நடந்ததால், அதன் நிரலை மட்டும் நகலெடுத்து டாஸ்பாக்ஸில் ஓட்டினால் அந்தத் திரை வராது. டாஸ்பாக்ஸ் அந்த அட்டையைப் போல நடிக்கக் கற்றதில்லை. அப்படியானால் வழி? அட்டையோடு உயிருடன் இருக்கும் கணினியைத் தேடிக் கண்டுபிடித்து, மானிட்டருக்குப் போகும் கம்பியிலிருந்தே சமிக்ஞையை எடுத்துப் பதிய வேண்டும்.

அது கொஞ்சம் கடினமான வேலைதான். பதினைந்து முள் கொண்ட விஜிஏ இணைப்பு என்றால் மாற்றிக் கருவியும் கேப்சர் கார்டும் போதும். அதற்கும் முந்திய ஒன்பது முள் இணைப்பு என்றால் அதற்கென்றே உள்ள மாற்றி வேண்டும். விஜிஏ எழுத்துத் திரையின் அகலம் 720 புள்ளி. கேப்சர் கார்டுகள் பல அதை 640 என்று தவறாக எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்டால் எழுத்தின் செங்குத்துக் கோடுகள் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போகும். ஆங்கில எழுத்தில் அதைச் சகித்துக்கொள்ளலாம். ணகரத்துக்கும் னகரத்துக்கும் ஒரு சுழிதானே வேறுபாடு? ஒரு நிமிடம் நிறுத்தி, கருவியின் அமைப்பில் 720 என்று சரிசெய்துவிட்டுப் பதியுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பழைய அலுவலகக் கணினியைப் பதியும்போது வாடிக்கையாளர் பெயர், நோயாளி விவரம், மாணவர் மதிப்பெண் என்று உண்மையான தகவல்கள் திரையில் ஓடும். அவற்றை உலகுக்குக் காட்ட நமக்கு உரிமையில்லை. மாதிரித் தகவலை நீங்களே உள்ளிட்டு அதைப் பதியுங்கள்.

காலம் நெருங்கிவிட்டது என்பதற்கு ஒரு சான்று. ஃபிளாஷ் என்ற மென்பொருளை எண்ணிப் பாருங்கள். இணையத்தின் பாதி அசைவும் அதில்தான் இருந்தது. 2020 டிசம்பர் 31உடன் அடோபி அதன் ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் அதன் பிளேயரே ஓட மறுத்தது. ஒரே நாளில் உலகெங்கும் எத்தனை பாடங்கள், எத்தனை விளையாட்டுகள் கறுத்துப்போயின! ரஃபிள் என்ற எமுலேட்டரை எழுதி, தன்னார்வலர்கள் பலவற்றைத் திரும்ப ஓடவைத்தார்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் ஆயிரக்கணக்கான டாஸ் விளையாட்டுகளை உலாவியிலேயே ஓடச் செய்திருக்கிறது. முன்பின் தெரியாதவர்கள் ஊதியமில்லாமல் செய்தார்கள். பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் மூல நிரல் தொலைந்துபோனதாகவே கருதப்பட்டது. 2012இல் மெக்னரின் தந்தை பழைய வட்டுகளைக் கண்டெடுத்துக் கொடுக்க, நண்பர்கள் கூடி அதைப் படித்தெடுத்தார்கள். ஆங்கில உலகத்தில் இதையெல்லாம் செய்ய ஆள் இருக்கிறார்கள். நம் எழுத்துருக்களுக்கு யார் வருவார்கள்? நாம்தான் வர வேண்டும்.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். அச்சகம் நடத்துபவர்களே, பரணில் கிடக்கும் பழைய கணினியைக் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் ஒரே ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் அதைப் பதியச் சொல்லுங்கள். மாணவர்களே, உங்கள் தெருவில் டிடிபி வேலை செய்து ஓய்வுபெற்ற ஐயாவோ அம்மாவோ இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். திரையையும் விரலையும் குரலையும் பதிந்து, எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்தக் கணினி, எந்த நாள் என்று நாலு வரி எழுதி, இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். நூலகங்களை நடத்தும் பெரியோர்களே, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அச்சு நூல்களுக்குச் செய்வதுபோல், ஓடும் மென்பொருளின் பதிவுகளுக்கும் உங்கள் கட்டடத்தில் ஓர் அலமாரி ஒதுக்குங்கள். கூட்டம் முடிந்ததும் நான் வாசலில்தான் இருப்பேன். பழைய கணினி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.